இரண்டு கனைப்பு

மச்சான் வேறொருவனை ‘மாப்ள’ என்று கூப்பிட்டதை நெட்டையன் தன் இரண்டு காதாலும் கேட்டான். அப்போது அவன் தரைத்தளத்தில் ஒரு கதவுக்குக் கீல் முடுக்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே விழுந்து உருண்டு ஓடியது. அதை எடுக்கக் குனியக்கூடத் தோன்றாமல் நின்றான்.

“பாத்து மாப்ள, அங்க தரை ஈரமா இருக்கு.”

மச்சான் சொன்னது அவ்வளவுதான். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இரண்டு பேர் சுமந்து போகும்போது தரை ஈரமாக இருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நெட்டையனுக்கு வயிறு பற்றி எரிந்தது. கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளானாகிய கிளவுஸ். அவன் யாருக்கு மாப்பிள்ளை? எந்த ஊரில் இவனுக்குப் பெண் கொடுத்தார்களாம்?

இத்தனைக்கும் மச்சானும் நெட்டையனும் உறவுக்காரர்கள் கிடையாது. இவன் தங்கையை அவன் கட்டவில்லை, அவன் அக்காளை இவன் கட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் விளையாட்டாக மச்சான் என்றான், மற்றவன் மாப்ள என்றான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நாளாவட்டத்தில் குழு முழுக்க அவனுக்கு மச்சான் என்றே பெயராகிவிட்டது. மேஸ்திரியே “மச்சானைக் கூப்பிடு” என்பார். ஆனால் மாப்ள என்ற சொல் மட்டும் யாருக்கும் போகாமல் நெட்டையனுக்கென்றே இருந்தது. மச்சான் வாயிலிருந்து வரும், நெட்டையன் காதுக்குள் போகும், அவ்வளவுதான் அதன் போக்குவரத்து.

அவர்களுடையது கட்டடங்களுக்குக் கதவும் ஜன்னலும் மாட்டும் குழு. சட்டம் நிறுத்துவார்கள், ஆப்பு வைத்து இறுக்குவார்கள், கதவு தொங்கவிடுவார்கள், ஓரங்களில் இடுக்கு அடைக்கச் சிலிக்கான் பசை பூசுவார்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கண்ணாடி தூக்குவது மட்டும் வேறு. பீரோ தூக்கும்போது கை தவறினால் பீரோ நசுங்கும், போகட்டும். கண்ணாடி தவறினால் ஆளே போய்விடுவான். இரண்டு பேருடைய கால் ஒன்றாக எழவேண்டும், மூச்சு ஒன்றாக வரவேண்டும், ஒருவன் தும்ம நினைத்தால் மற்றவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நெட்டையனும் மச்சானும் அப்படித்தான் இருந்தார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பார்த்து வருஷங்கள் ஓடியிருந்தன. கட்டிய மனைவியின் முகத்தைக்கூட நெட்டையன் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அதை அவளே பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

அந்தக் குழுவில் கண்ணாடி தூக்குகிறவர்களுக்கு மூன்று வார்த்தைகள் உண்டு. தூக்கு, நில், இறக்கு. மேஸ்திரி வைத்த கட்டளை. எதைச் செய்வதற்கு முன்பும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும். நெட்டையனும் மச்சானும் மேஸ்திரி பார்க்கும்போது மட்டும் அதைச் சொல்வார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. மற்ற நேரங்களில் அவர்களுக்கு வார்த்தை தேவைப்படவில்லை. மச்சான் தொண்டையை ஒருமுறை கனைத்தால் நில். இரண்டுமுறை கனைத்தால், கை போய்விட்டது, உடனே இறக்கு.

கை போவது என்றால் இதுதான். முன்னொரு இடத்தில் இரும்புச் சட்டம் ஒன்று சரிந்து மச்சானின் இடது மணிக்கட்டில் விழுந்தது. வெளியே பார்க்க ஆறிவிட்டது. ஆனால் எதையாவது நெடுநேரம் இறுக்கிப் பிடித்தால் விரல்கள் வெளிறி மரத்துவிடும், பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே அவனுக்குத் தெரியாது. இது மேஸ்திரிக்குத் தெரிந்தால் மச்சானைக் கண்ணாடி பக்கமே அண்டவிட மாட்டார். அதனால் இருவரும் காதும் காதும் வைத்தாற்போல அந்தக் கனைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். மாடிப்படி ஏறும்போது பாரம் கீழே நிற்பவன்மேல்தான் சாயும். நெட்டையன் எப்போதும் கீழ்ப்படியை எடுத்துக்கொண்டான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். மச்சானின் மனைவிக்குக்கூட அந்தக் கையைப் பற்றித் தெரியாது என்பதில் நெட்டையனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அது பெருமைப்படக்கூடிய விஷயமா என்று அவன் யோசித்ததே இல்லை.

இப்படி இருந்த இடத்தில்தான் கிளவுஸ் வந்து சேர்ந்தான். வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவன். வாட்டசாட்டமான ஆள், கல்யாணமானவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துப் பூட்டிக்கொள்வான். முழங்கைவரை ஏறும் தடித்த கையுறை இல்லாமல் ஒரு சில்லைக்கூடத் தொடமாட்டான். மேல்மாடி ஜன்னலில் வேலை என்றால் முதலில் கீழே எட்டிப் பார்த்து யாராவது நிற்கிறார்களா என்று குரல் கொடுப்பான், பிறகு இறங்கிப் போய்ச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வருவான், அதற்குப் பிறகுதான் ஆணியையே கையில் எடுப்பான். வந்த அன்றே கிளவுஸ் என்று பெயர் வைத்தது நெட்டையன்தான். “கல்யாணத்துக்கும் இதைப் போட்டுட்டுத்தான் தாலி கட்டினியா?” என்று கேட்டதற்குக் குழுவே சிரித்தது. மச்சானும் சிரித்தான். அது ஒரு காலம்.

இரண்டு நாளுக்கு முன்பு காலையில் மேஸ்திரி வேலை பிரித்தபோது, “நெட்டையா, நீ கதவு பாரு. மச்சானும் கிளவுஸும் கண்ணாடி” என்றார். நெட்டையன் ஏதோ ஒருநாள் கூத்து என்று நினைத்தான். மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே, அன்றுதான் அந்த ‘மாப்ள’ காதில் விழுந்தது. மதியம் மச்சான் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, இத்தனை நாள் நெட்டையன் பக்கம் நகர்த்தியதைக் கிளவுஸ் பக்கம் நகர்த்தினான். நெட்டையன் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவுகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னங்க, மூஞ்சி உர்ருன்னு இருக்கு? மச்சானோட சண்டையா?”

“சண்டை போட அவன் யாரு?”

“அப்ப சண்டைதான்.”

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கொட்டினான். கண்ணாடி, ஈரத்தரை, மாப்ள, சாப்பாட்டுப் பாத்திரம். கையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பாத்திரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள், அதற்குமேல் முடியாமல் சிரித்துவிட்டாள்.

“இது என்னங்க, வீட்டுக்குச் சக்களத்தி வந்த மாதிரி புலம்பறீங்க! நான் எங்கயாவது ரெண்டு நாள் போயிட்டு வந்தாக்கூட இப்படி நீங்க வாடினதில்லையே.”

“உனக்கு எல்லாம் கிண்டல்தான்.”

“கிண்டல் இல்ல. மனசுல வச்சுக்கிட்டுக் குமையறதுக்கு, நேரா அவரையே கேட்டுடுங்க.”

கேட்டான். மறுநாள் காலை மச்சான் கண்ணாடி தூக்கும் கப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான். ரப்பர் வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும் கைப்பிடிகள் அவை. தூசி இருந்தால் கவ்வாது. அதனால் மச்சான் எப்போதும் அவற்றைக் குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைப்பான்.

“என்ன மச்சான், புது ஜோடி எப்படி இருக்கு?”

“மேஸ்திரி சொன்னாரு. நான் என்ன பண்றது?” தலையைத் தூக்காமலே சொன்னான்.

நெட்டையனுக்குப் பாதி பாரம் இறங்கியது. மேஸ்திரிதானே, அவரிடம் பேசிக்கொள்ளலாம் என்று நேராக அவரிடம் போனான்.

“நானா?” என்றார் மேஸ்திரி. “நல்ல கதையா இருக்கே! அவன்தான்பா வந்து கேட்டான். ‘புது ஆள் பழகட்டும், என்கூட விடுங்க, நெட்டையனுக்குக் கதவு குடுங்க’ன்னு நச்சரிச்சான். உங்களுக்குள்ள என்ன?”

நெட்டையன் விறுவிறுவென்று திரும்பி வந்தான். முகம் சிவந்துவிட்டது. கை கழுவியதுமல்லாமல் பொய்யும் சொல்கிறான்! நகமும் சதையுமாக இருந்தவனுக்கு ஒரு வார்த்தை நேராகச் சொல்ல முடியவில்லை. சரி, யார் இல்லாவிட்டால் யாருக்கு வேலை ஓடாது என்று பார்த்துவிடலாம். இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டிய கனமான முன்வாசல் கதவை அவன் தனியாகத் தூக்கினான்.

அது முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரியும். கதவின் அடியில் ஒரு ஆப்பைத் தள்ளி, தோளால் முட்டுக்கொடுத்து, மேல் கீலுக்குத் திருகாணியைத் தேடினான். ஆப்பு வழுக்கியது. கதவு ஒரு முனகலோடு சரிந்து அவன் பாதத்தின்மேல் ஓரத்தை ஊன்றியது. நெட்டையன் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த புறாக்கள் பறந்தன.

ஓடி வந்தவன் மச்சானில்லை. கிளவுஸ். கதவை ஒற்றைத் தோளால் நிமிர்த்திச் சுவரில் சாய்த்தான். நெட்டையனை ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, ஈரத்துணி சுற்றினான். பெருவிரல் நகம் கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வந்தது.

“செருப்போட இந்த வேலை செய்யக்கூடாதுண்ணே. முன்னால இரும்பு வச்ச பூட்ஸ் என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. உங்க அளவுதான்னு நினைக்கிறேன், நாளைக்குக் கொண்டு வரேன்.”

கோபித்துக்கொள்ளவாவது அவன் இடம் கொடுத்திருக்கலாம். நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் ஒருவன் எங்கே போய் முட்டிக்கொள்வது? துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டே கிளவுஸ் சாதாரணமாகக் கேட்டான்:

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மச்சான் அண்ணன் தூக்கும்போது நடு நடுல கனைக்கறாரே. அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? கேட்டா, ஒண்ணுமில்லங்கறாரு. நீங்க அவரோட ரொம்ப நாளா இருந்தவரு, உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். நெட்டையனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டான், மாப்ளயைப் பிடுங்கிக்கொண்டான், சாப்பாட்டுப் பாத்திரத்தில் கை வைத்துவிட்டான். இப்போது இதையும் கேட்கிறான், கையுறை போட்ட கையை நீட்டிக்கொண்டு.

“பீடி” என்றான் நெட்டையன். “பீடிப் புகை. தொண்டை கட்டிக்கும் அவனுக்கு. கண்டுக்காதே.”

“ஓ” என்றான் கிளவுஸ். நம்பிவிட்டான். அவன் எதையும் நம்புகிறவன்.

அன்று முழுக்க நெட்டையனுக்கு நகம் விண்விண்ணென்று தெறித்தது. மனசாட்சியும் கொஞ்சம் தெறித்தது. அதை அவன் நகத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டான். தேவைப்பட்டால் மச்சானே சொல்லிக்கொள்ளட்டும், வாய் இருக்கிறதல்லவா, பொய் சொல்லத் தெரிந்த வாய்க்கு இது தெரியாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மாடிப்படித் திருப்பத்துக்கு உரிய கண்ணாடி வந்து இறங்கியது. அது பால் கண்ணாடி. வெளிச்சம் வரும், அந்தப் பக்கம் இருப்பவன் தெரியமாட்டான். நீளம் ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி. லிஃப்ட் வேலை முடியாத கட்டடம், படிவழியாகத்தான் ஏற்ற வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு இன்னும் கம்பி வைக்காததால் படியோரம் ஒரு கயிறு மட்டும் ஓடியது. நெட்டையன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடிக்கு நிறுத்திய சட்டத்தை ஆப்பு உருவிவிட்டுத் திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். காலில் கிளவுஸ் கொடுத்த பூட்ஸ். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான், ஆனால் நகம் கெஞ்சியது.

கீழேயிருந்து “தூக்கு” என்று கிளவுஸின் குரல் கேட்டது. “தூக்கு” என்றான் மச்சான். காலடிகள் ஏறி வந்தன. மச்சான் மேலே, முதுகை நெட்டையன் பக்கம் காட்டிக்கொண்டு பின்னோக்கி ஏறினான். கிளவுஸ் கீழே. இருவருக்கும் நடுவில் பால் கண்ணாடி, சுவர் மாதிரி. ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. நெட்டையனுக்கோ மச்சானின் முதுகும், கப்பைப் பிடித்த இடது கையும் மட்டும் நன்றாகத் தெரிந்தன. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

மச்சான் கனைத்தான்.

நெட்டையனின் கை ஆணியிலேயே நின்றது. விரல்களைப் பார்த்தான். சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெளுத்திருந்தன.

மச்சான் மறுபடி கனைத்தான்.

“வாங்கண்ணே, வாங்க, இன்னும் கொஞ்சப் படிதான்” என்று கீழேயிருந்து கிளவுஸ் உற்சாகப்படுத்தினான். பீடிப் புகை என்று நம்பியிருந்தவன் கால் நிற்கவில்லை, ஒரு படி ஏறி கண்ணாடியை மேலே தள்ளினான்.

அப்போது நெட்டையன் மனதில் வந்த முதல் நினைப்பு நல்ல நினைப்பல்ல. ‘பாரு, இப்ப தெரியும் யாரு அருமை’ என்றுதான் வந்தது. இனிப்பாகவும் இருந்தது. ஒரு ஆணி ஒரு சுற்று சுற்றும் நேரம்தான் அது இருந்திருக்கும். அதற்குள் கண்ணாடியின் மேல்விளிம்பு மச்சானின் கையைவிட்டு நகர்ந்து கீழ்நோக்கிச் சாய ஆரம்பித்தது. சாய்ந்த பக்கம் கிளவுஸின் கழுத்து இருந்தது. அவன் முழங்கைவரை உறை போட்டிருந்தான், தலைக்குக் கவசம் போட்டிருந்தான், கழுத்துக்குப் போட ஒன்றும் இல்லை.

“இறக்கு! டேய் கிளவுஸ், இறக்குடா!”

எந்தக் குரல், யாருடைய குரல் என்று கிளவுஸ் யோசிக்கவில்லை. வார்த்தை காதில் விழுந்ததும் “இறக்கு” என்று திருப்பிச் சொன்னான். முழங்கால் மடிந்தது. கண்ணாடியின் அடி படியில் உட்கார்ந்தது, உட்கார்ந்த மூலை கல்லில் மோதிப் படாரென்று ஒரு விரிசல் மேலே ஓடியது. நெட்டையன் திருப்பத்திலிருந்து பாய்ந்து, மச்சானைச் சுவரோடு தள்ளி, சரிந்த மேல்விளிம்பை இரண்டு வெறும் கைகளாலும் பிடித்தான். விரிசல் விட்ட துண்டு அவன் உள்ளங்கைக்குள் இறங்கியது. விடவில்லை. கிளவுஸ் கீழேயிருந்து உறை போட்ட கையால் துண்டைத் தாங்கினான். இருவருமாக அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நெட்டையனுக்கு வலித்தது.

படியில் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மச்சான் தன் தோள்துண்டை எடுத்து நெட்டையன் கையில் சுற்றினான். வலது கையால் மட்டும் சுற்றினான். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன்டா?” என்றான் நெட்டையன். “நான் என்ன குறை வச்சேன்? என்னை விட்டுட்டு ஏன்டா இவனைப் புடிச்சே?”

மச்சான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கை முன்ன மாதிரி இல்ல மாப்ள. ரொம்ப மோசமாயிடுச்சு. என்னிக்காவது ஒருநாள் விட்டுருவேன்னு தெரியும். அப்ப கீழ்ப்படியில நீ நிக்கக்கூடாது. உன்மேல போட எனக்கு மனசு வரல.”

இத்தனை நாள் எரிந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். நெட்டையனுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளங்கையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, நெஞ்சுக்குள்ளோ குளுகுளுவென்று இருக்கிறது. தன்னை விலக்கவில்லை! தனக்காகத்தான்! அந்த ஒரு கணம் உலகத்தில் அவனைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை.

அப்போதுதான் இரண்டு படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் தன் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

“அப்ப நான் நிக்கலாமாண்ணே?”

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. விவரம் கேட்பவன் போலக் கேட்டான். மச்சான் தொங்கிய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். கிளவுஸ் நெட்டையன் பக்கம் திரும்பினான்.

“உங்ககிட்டயும் கேட்டேனே. கனைச்சா என்ன அர்த்தம்னு. பீடிப் புகை, கண்டுக்காதேன்னீங்க.”

நெட்டையனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைப் பார்த்தான். காலிலும் அவன் பூட்ஸ்தான் இருந்தது.

சத்தம் கேட்டு மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். என்ன ஆச்சு என்றார். கால் இடறிடுச்சு என்று மச்சான் ஆரம்பித்தான். நெட்டையன் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். மணிக்கட்டு, மரத்துப்போகும் விரல், கனைப்பு, தான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. மச்சான் அவனைப் பார்த்த பார்வையில் கண்ணாடியைவிடக் கூர்மை இருந்தது. மேஸ்திரி கத்தினார்:

“நீங்க ரெண்டு பேரும் கண்ணாடி தூக்கலடா, குடித்தனம் நடத்தியிருக்கீங்க! உங்க ஊடலுக்கு நடுவுல ஒருத்தன் பொண்டாட்டி தாலியறுத்திருப்பா!”

மச்சானுக்குக் கண்ணாடி அன்றோடு நின்றது. சிலிக்கான் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, ஓரம் பூசும் வேலைக்கு அனுப்பினார் மேஸ்திரி. துப்பாக்கிக்கு வலது கையே போதும். நெட்டையன் உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டு, அது ஆறும்வரை வீட்டிலிருந்தான். “நல்லவேளை, மச்சானுக்கு ஒண்ணும் ஆகல” என்று மனைவி சொன்னபோது, “கிளவுஸுக்கு ஒண்ணும் ஆகல” என்று திருத்தினான். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது மேஸ்திரி அவனைக் கிளவுஸோடு சேர்த்தார். வேறு ஆள் இல்லை. கிளவுஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான். ஒரு ஜோடிக் கையுறையை நெட்டையனிடம் நீட்டி, “வார்த்தை மட்டும்தாண்ணே. கனைப்பு, இருமல், கண்ஜாடை எதுவும் வேண்டாம்” என்றான். சரி என்றான் நெட்டையன். அவனோடு தூக்குவது மச்சானோடு தூக்குவது போல இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லி, திருப்பிச் சொல்லி, அலுவலகத்தில் மனுக் கொடுப்பது மாதிரி இருந்தது. ஆனால் கண்ணாடிகள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மச்சான் பேசுவதே இல்லை. நெட்டையன் வணக்கம் போடாத குறையாக எதிரே போய் நிற்பான், அவன் சிலிக்கான் கோட்டை விரலால் வழித்துவிட்டுக்கொண்டே இருப்பான். ரகசியத்தை உடைத்தவனோடு என்ன பேச்சு?

ஒருநாள் முன்கூடத்துக்குக் கண்ணாடி கொண்டு போனார்கள். தெளிந்த கண்ணாடி, எதிரே கிளவுஸின் முகம் அப்படியே தெரிந்தது. அவன் ஏதோ சொன்னதற்கு நெட்டையன் சிரித்தான். தரையில் வயர் ஒன்று கிடந்ததைப் பார்த்து, “பாத்துப்பா, வயர்” என்றான். பக்கத்து ஜன்னலில் மச்சான் ஓரம் பூசிக்கொண்டிருந்தான்.

ஒரு கனைப்பு கேட்டது. தொடர்ந்து இன்னொன்று.

நெட்டையனின் முழங்கால் தானாக மடிந்தது. தோள் தானாக இறங்கியது. மூளைக்குச் செய்தி போகும் முன்பே கண்ணாடியின் ஒரு முனை தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே! யாரு இறக்கச் சொன்னா?”

“நில்!” என்று கத்தினான் நெட்டையன். “நில்” என்றான் கிளவுஸ். கண்ணாடி கிளவுஸின் முட்டிக்கு நேராக ஆடி நின்றது. “இறக்கு” என்றான் பிறகு நெட்டையன், “இறக்கு” என்றான் கிளவுஸ். சாக்கின்மேல் இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். நெட்டையன் கையுறையைக் கழற்றாமலே மச்சானிடம் போனான்.

“என்ன மச்சான்?”

“ஒண்ணுமில்ல.” மச்சான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். “சிலிக்கான் வாடை. கண்டுக்காதே.”

பூசிய கோடு பாம்பு ஊர்ந்தது போல நெளிந்திருந்தது. காது மடல் சிவந்திருந்தது. அது வாடை இல்லை என்று நெட்டையனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முகத்தை அவன் நாள்கணக்கில் தானே போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். மனதுக்குள் ஓர் ஓரத்தில் தித்திக்கத்தான் செய்தது. கிளவுஸின் முட்டி ஞாபகம் வந்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

“இனிமே நீ கனைச்சா எனக்குக் கேக்காது மச்சான். என்ன வேணுமோ வாயைத் திறந்து சொல்லு.”

மச்சான் துப்பாக்கியை ஜன்னல் விளிம்பில் வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“அவனை மாப்ளன்னு கூப்பிடறியா?”

“இல்ல.”

மச்சான் தலையை ஆட்டினான். நெளிந்த கோட்டை வழித்தெடுத்துவிட்டு மறுபடி பூச ஆரம்பித்தான்.

“அண்ணே, வரீங்களா?” என்று கிளவுஸ் கூப்பிட்டான். நெட்டையன் போய்த் தன் முனையைப் பிடித்தான். தூக்கு என்றான் அவன், தூக்கு என்றான் இவன். கண்ணாடி எழுந்தது. கேட்காது என்று சொன்னவன் கூடத்தைத் தாண்டும்வரை காதைத் தீட்டிக்கொண்டேதான் நடந்தான்.